காற்றும் வெயிலும் கம்பி ஏற: மின் தொடரமைப்புத் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள், கமுதியில் சோலார் பலகைகள், கொங்குப் பகுதித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே உயர் மின்கோபுரங்கள். மூன்றும் ஒரே வேலையின் மூன்று துண்டுகள். ஆனால் காற்றாலையைப் பாராட்டும் செய்தி ஒரு பக்கத்திலும் கோபுரத்தை எதிர்க்கும் செய்தி இன்னொரு பக்கத்திலும் வருவதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கு வாய்ப்பு கிடைப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எழும் கேள்விகளுக்கு, பெரும்பாலும் தமிழ்நாட்டை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன். காற்று மின்சாரம் கிரிட்டுக்குள், அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் லைன்களின் வலைக்குள், பெருமளவில் நுழைந்தால் என்னென்ன நடக்கும் என்பதை இந்தியாவில் முதலில் அனுபவித்த மாநிலங்களில் ஒன்று இது.

மின் தொடரமைப்பு என்றால் எது? வீட்டுக்கு வரும் லைனும் அதில் சேர்த்தியா?

இல்லை. தெரு டிரான்ஸ்பார்மர், அதற்கு வரும் 11, 22, 33 கே.வி. (கிலோவோல்ட், மின்னழுத்த அளவு) லைன்கள் எல்லாம் பகிர்மானம். அதற்கு மேல் 110, 230, 400, 765 கே.வி. லைன்களும் அவை வந்து சேரும் துணை மின்நிலையங்களும்தான் தொடரமைப்பு. பல மாநிலங்களில் 132, 220 கே.வி. என்று இருக்கும், நம் ஊரில் 110, 230. மாநிலத்துக்குள் இதைக் கட்டுவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம், அதாவது டான்டிரான்ஸ்கோ. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெரிய லைன்கள் மத்திய அரசு நிறுவனமான பவர்கிரிட்டிடமும், ஏலத்தில் எடுத்த தனியார் நிறுவனங்களிடமும் இருக்கின்றன.

ஏற்கெனவே ஊர் முழுக்க லைன் இருக்கிறதே, அதிலேயே காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகக் கூடாதா?

பழைய கிரிட் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். நெய்வேலி, எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி போன்ற சில இடங்களில் பெரிய மின்நிலையங்கள். அங்கிருந்து தடித்த லைன்கள் நகரங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் போகும். அங்கிருந்து கிளை பிரிந்து, கிராமங்களை நெருங்க நெருங்க லைன் மெலிந்துகொண்டே வரும். மின்சாரம் ஒரு திசையில் மட்டும் ஓடும் என்று நினைத்துக் கட்டியது அது.

காற்று அந்த வரைபடத்தைப் பார்த்து வீசுவதில்லை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் அது வேகமெடுக்கும். 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனைக்காக நிறுத்திய சின்னக் காற்றாலைகளால் யாருக்கும் தொந்தரவில்லை. தொண்ணூறுகளில் வரிச்சலுகையை நம்பித் தனியார் முதலீடு வந்து முப்பந்தல், கயத்தாறு பக்கம் ஆலைகள் குவிந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. லைன்களின் வால் பகுதியில், மிக மெலிந்த இடத்தில், ஒரு மின்நிலையத்தின் அளவு மின்சாரம் உற்பத்தியானது. சீசனில் ஓட்டம் அப்படியே தலைகீழானது. வாலிலிருந்து தலைக்கு ஓட வேண்டியிருந்தது.

கொள்ளளவையும் கவனிக்க வேண்டும். நீண்ட தூரத்துக்கு ஒரு 230 கே.வி. சர்க்யூட், அதாவது ஒரு தொகுதிக் கம்பி, இயல்பாகச் சுமப்பது நூற்றுச் சொச்சம் மெகாவாட். 400 கே.வி. என்றால் 500 மெகாவாட் அளவில். 765 கே.வி. என்றால் 2,000 மெகாவாட்டுக்கு மேல். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சோலாரும் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 110 கே.வி. லைன்களை வைத்துக்கொண்டு இவ்வளவையும் சென்னைக்கும் கோவைக்கும் நகர்த்த முடியாது.

முதலில் ஆலையா, முதலில் லைனா?

இந்தத் துறையின் எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இதுதான். ஒரு சோலார் பூங்காவை ஒன்றரை ஆண்டுக்குள் கட்டிவிடலாம். அதற்கான 400 கே.வி. லைனும் துணை மின்நிலையமும் ஆய்வு, ஒப்புதல், நில வழி, கட்டுமானம் எல்லாம் முடிய மூன்று முதல் ஐந்து ஆண்டு எடுக்கும். ஊர் எதிர்ப்பும் வழக்கும் சேர்ந்தால் இன்னும் நீளும். ஆலை வரட்டும், பிறகு லைன் போடலாம் என்று தொடரமைப்பு நிறுவனம் காத்திருந்தால் ஆலை முடிந்து மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கும். லைன் வரட்டும் என்று முதலீட்டாளர் காத்திருந்தால், யாருமே வராத இடத்துக்கு லைன் எதற்கு என்று ஒழுங்குமுறை ஆணையம் கேட்கும்.

இந்த முடிச்சைத் துணிந்து அவிழ்த்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே 2005-இல் ஒரு சட்டம் வந்தது. காற்று நன்றாக வீசும் மேற்குப் பகுதியில் ஐந்து மண்டலங்களைக் குறித்து, அங்கே ஆலைகள் வருமுன்பே லைன்கள் போட 2008-இல் ஆணை பிறந்தது. செலவு சுமார் 700 கோடி டாலர். அதை அந்த கிரிட்டின் எல்லா நுகர்வோரும் பகிர்ந்துகொண்டார்கள். ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் லைன்கள், 18,500 மெகாவாட்டைக் கடத்தும் திறனோடு, 2014 தொடக்கத்தில் முடிந்தன. 2009-இல் அங்கே காற்றாலைகளின் சாத்தியமான உற்பத்தியில் 17 சதவீதம் வழியில்லாமல் வெட்டப்பட்டது. 2014-இல் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆலைகள் மேலும் பெருகியதும் அந்த லைன்களிலும் பின்னாளில் நெரிசல் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை திட்டமிட்டு முடித்துவிடும் வேலை இது இல்லை.

என் கருத்தில் லைன்தான் முன்னே போக வேண்டும். யாரும் பயன்படுத்தாமல் ஓராண்டு கிடக்கும் லைனால் வரும் நட்டம், ஓடத் தயாரான ஆலைகளை ஓராண்டு நிறுத்தி வைப்பதால் வரும் நட்டத்தைவிடப் பெரும்பாலும் சிறியது. ராஜஸ்தானில் 2025-இல் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டியது: கட்டி முடித்த சோலார் ஆலைகள், வழித்தடம் தயாராகாததால் நல்ல வெயிலில் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது.

இந்தியாவில் அப்படி முன்கூட்டிய திட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. பசுமை மின்வழித்தடத் திட்டத்தின் மாநிலங்களுக்குள்ளான முதல் கட்டத்தில் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்கள் சேர்க்கப்பட்டன. 40 சதவீதம் மத்திய அரசு மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன், மீதி 20 சதவீதம் மாநிலத்தின் பணம். தேனி மாவட்டத்தின் தப்பகுண்டு, உடுமலைப்பேட்டை அருகே ஆனைக்கடவு போன்ற 400 கே.வி. துணை மின்நிலையங்கள் காற்றாலை மின்சாரத்தை வாங்கி மேலே ஏற்றுவதற்காகவே எழுந்தவை. 2022 ஜனவரியில் ஏழு மாநிலங்களுக்கு 12,031 கோடி ரூபாயில் இரண்டாம் கட்டம் ஒப்புதல் பெற்றது. அதிலும் தமிழ்நாடு உண்டு.

தேசிய அளவில், 2022 டிசம்பரில் மத்திய மின்சார ஆணையம் 2030-க்குள் 500 கிகாவாட்டுக்கு மேல் புதைபடிவம் சாராத மின்திறனை இணைக்க என்ன வேண்டும் என்று ஒரு திட்டம் வெளியிட்டது. 50,890 சர்க்யூட் கிலோமீட்டர் லைன்கள், 2.44 லட்சம் கோடி ரூபாய் செலவு. 2024 அக்டோபரில் வந்த தேசிய மின்சாரத் திட்டம் 2032 வரை பார்த்து 9.15 லட்சம் கோடி என்கிறது. எண்கள் பெரியவைதான். தாளில் இருப்பதற்கும் தரையில் நிற்பதற்கும் இடையே விழும் ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

1,000 மெகாவாட் காற்றாலைக்கு 1,000 மெகாவாட் லைன் வேண்டுமா?

எல்லா இடத்திலும் வேண்டாம். திட்டமிடுபவரின் திறமை வெளிப்படுவது இந்தக் கணக்கில்தான்.

பழைய முறையில் ஒரே ஒரு நேரத்தைப் பார்த்தால் போதும்: ஆண்டின் உச்சத் தேவை. அந்த நேரத்தைத் தாங்கும் கிரிட் மற்ற நேரங்களையும் தாங்கும். காற்றும் வெயிலும் வந்தபின் அந்தச் சுருக்குவழி போய்விட்டது. தமிழ்நாட்டுக்குத் திட்டம் போடுபவர் குறைந்தது இத்தனை நேரங்களைத் தனித்தனியே கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மே மாத முதல் வாரம், ஏ.சி.கள் ஓடும் கத்திரி வெயில்: மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-இல்தான். ஜூலை நள்ளிரவு: ஊர் தூங்குகிறது, காற்று பேயாய் அடிக்கிறது, தெற்கிலிருந்து மின்சாரம் வெள்ளமாக வருகிறது. பிப்ரவரி நண்பகல்: வானம் தெளிவு, சோலார் உச்சத்தில், காற்று ஏறக்குறைய இல்லை. பொங்கல் விடுமுறைப் பகல்: ஆலைகள் மூடல், தேவை அடிமட்டத்தில், வெயில் மட்டும் குறைவில்லை. நவம்பர் மழை நாள் அந்தி: சோலாரும் இல்லை, காற்றும் இல்லை. இந்த ஒவ்வொரு நேரத்திலும் லைன்களில் ஓட்டம் வேறு அளவில், சிலவற்றில் வேறு திசையிலேயே இருக்கும். ஜூலை இரவில் மூச்சு முட்டும் லைன் நவம்பர் அந்தியில் காலியாகக் கிடக்கும்.

இதிலேயே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. காற்றும் சோலாரும் ஒரே நேரத்தில் முழு உச்சத்தைத் தொடுவது அபூர்வம். ஒரே துணை மின்நிலையத்தில் இரண்டையும் இணைத்தால் ஒரே லைன் இரண்டுக்கும் உழைக்கும். 2025-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதிகளைத் திருத்தி, சோலார் ஆலை வைத்திருக்கும் இணைப்பைச் சூரியன் இல்லாத நேரத்தில் காற்றாலையோ பேட்டரியோ பயன்படுத்த வழிசெய்தது. புதிதாக ஒரு கோபுரமும் நடாமல் கொள்ளளவு கூடும் முறை இது. பத்து ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஒரு லைன் போதும் என்கிற இடத்தில் இரண்டு லைன் போடுகிறார்களே, வீண் செலவு இல்லையா?

எந்த ஒரு லைனோ டிரான்ஸ்பார்மரோ திடீரென்று போனாலும் மற்றவை சுமையைத் தாங்க வேண்டும் என்பது உலகம் முழுதும் உள்ள விதி. பொறியாளர்கள் "என் மைனஸ் ஒன்" (N-1) என்பார்கள். அதனால்தான் லைன்கள் எப்போதும் முழுக் கொள்ளளவில் ஓடுவதில்லை. அந்த மிச்சம் காப்பீடு; அதில் கைவைப்பவர்கள் ஒருநாள் ஊரையே இருட்டாக்குவார்கள்.

காற்று நன்றாக வீசும்போது ஆலையை நிறுத்தச் சொல்கிறார்களே, ஏன்?

துறையினர் வழக்கில் இது "பேக் டவுன்". காரணங்கள் இரண்டு வகை, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை உண்மையான கிரிட் காரணம். லைன் நிரம்பிவிட்டது, அல்லது தேவையைவிட உற்பத்தி கூடி மின்சாரத்தின் அதிர்வெண் ஏறுகிறது. இந்திய கிரிட் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் ஓட வேண்டும். சென்னையிலுள்ள மாநில மின்சுமை பகிர்வு மையத்தில் ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இவ்வளவு காற்று, இவ்வளவு சோலார், இவ்வளவு அனல் என்று கணக்கு வைத்திருப்பார்கள். முன்கணிப்பு 4,000 மெகாவாட் என்று சொல்லி, காற்று 4,800 வந்தால் அந்தக் கூடுதல் 800-க்கு உடனே இடம் காண வேண்டும். அனல் நிலையங்களை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. முழுதாக அணைத்தால் மாலைக்குள் திரும்ப எழாது. அப்போது காற்றாலைக்குத் தொலைபேசி போகும்.

இரண்டாம் வகை, பணக் காரணம். வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, ஒப்பந்தம் போட்ட பசுமை மின்சாரத்தை வாங்காமல் கிரிட்டைக் காரணம் காட்டுவது. தமிழ்நாட்டுச் சோலார் ஆலைகளுக்கு நேர்ந்த வெட்டு பற்றிய வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கிரிட் பாதுகாப்பைத் தவிர வேறு காரணத்துக்காக வெட்டக் கூடாது என்று சொல்லி இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். எது எந்த வகை வெட்டு என்று நாள்தோறும் பொதுவில் வெளியிட்டால், எந்த லைன் உண்மையிலேயே போதவில்லை என்பதும் தெரியும். திட்டமிடலுக்கு அதைவிட நல்ல தரவு கிடையாது.

புகளூர் லைனைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டர், பிளஸ் மைனஸ் 800 கே.வி. நேர்மின் (டி.சி.) லைன், 6,000 மெகாவாட். அங்கிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் நேர்மின் இணைப்பு. நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரவே முதலில் நினைத்தார்கள். ஆனால் இது இருவழி. காற்று இல்லாத மாதங்களில் வடக்கிலிருந்து வாங்கலாம். சீசனில் மிஞ்சும் காற்றை வடக்கே அனுப்பலாம்.

இதன் அருமை தெரிய 2012-ஐ நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 30, 31-இல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் சரிந்து 60 கோடி மக்களுக்கு மேல் இருளில் இருந்தார்கள். தெற்கு தப்பியது. அப்போது தெற்கு கிரிட் நேர்மின் இணைப்புகளால் மட்டுமே மற்றவற்றோடு சேர்ந்திருந்ததுதான் காரணம். அதே தனிமையால், நம் காற்று மிஞ்சினால் வெளியே அனுப்பவும், பற்றாக்குறையில் வாங்கவும் வழி குறுகியிருந்தது. அந்தக் காலத்து மணிக்கணக்கான மின்வெட்டு பலருக்கும் நினைவிருக்கும். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தெற்கும் இணைந்தபின் நாடு முழுவதும் ஒரே கிரிட்.

கோபுரமே வேண்டாம், பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் கேட்பது நடக்கக்கூடியதா?

லைனைப் பொறுத்தது. வீட்டுக்கு வருவது போன்ற மாறுமின்சாரம் என்றால், 400 கே.வி. கேபிள் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் போனாலே கேபிளை மின்னேற்றவே அதன் கொள்ளளவில் ஒரு பகுதி போக ஆரம்பிக்கும். நடுவில் ரியாக்டர் என்ற கம்பிச்சுருள் கருவியை வைத்துச் சரிக்கட்ட வேண்டும். பழுது வந்தால் கண்டுபிடித்துத் தோண்டி ஒட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். செலவும் பல மடங்கு. நகருக்குள் குறுகிய தூரத்துக்குச் சரி. நெல்லையிலிருந்து சென்னை வரை என்றால் நடக்காது.

நேர்மின்சாரத்துக்கு இந்த மின்னேற்றச் சிக்கல் இல்லை. புகளூர் - திருச்சூர் இணைப்பிலேயே கேரளத்துக்குள் ஒரு பகுதி பூமிக்கடிக் கேபிளாகத்தான் போகிறது. 2018-இல் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் போராடிய விவசாயிகள் "அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 700 கிலோமீட்டர் நீளமுள்ள சூட்லிங்க் நேர்மின் தடத்தைக் கேபிளாகவே போட வேண்டும் என்று 2015-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு தணிந்தாலும் செலவு எகிறியது. 2022-இல் முடியும் என்று சொன்ன வேலை 2028-க்குப் போய்விட்டது. எனவே கேபிள் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ஆனாலும் நேர்மின் திட்டங்களில் நெடுஞ்சாலை ஓரக் கேபிளை ஒரு மாற்றாக எடுத்து, செலவைக் கணக்கிட்டு மக்கள் முன் வைப்பது திட்டமிடுபவரின் கடமை. கேட்டவுடனேயே "முடியாது" என்று சொல்லி அனுப்புவதால்தான் நம்பிக்கை போகிறது.

என் நிலத்தில் கோபுரம் வந்தால் எவ்வளவு இடம் போகும்? இழப்பீடு என்ன?

கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவே உள்ள இடம் ஒன்று. அதைவிடப் பெரியது கம்பிக்குக் கீழேயுள்ள வழித்தடம். 400 கே.வி.க்கு அகலம் 46 மீட்டர், 765 கே.வி. இரட்டைச் சர்க்யூட்டுக்கு 67 மீட்டர், 800 கே.வி. நேர்மின் லைனுக்கு 69 மீட்டர். ஒரு தோப்பின் குறுக்கே 400 கே.வி. கம்பி 100 மீட்டர் போனால் 4,600 சதுர மீட்டர். ஓர் ஏக்கருக்கும் மேல். தென்னைக்கு இருபத்தைந்து அடி இடைவெளி என்றால், 46 மீட்டரில் ஆறு வரிசை மரங்கள் போய்விடும். அந்த இடத்தில் நிலக்கடலையோ காய்கறியோ போடலாம். மறுபடி தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. பட்டா உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், விற்கப் போனால் விலை இறங்கியிருக்கும்.

சட்டப்படி இது நில எடுப்பு ஆகாது. மின்சாரச் சட்டம் 2003-இன் 164-ஆவது பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைத் தொடரமைப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. உரிமையாளர் சம்மதம் கட்டாயமில்லை, இழப்பீடுதான் கட்டாயம். தந்திக் கம்பத்துக்கு வகுத்த சட்டத்தை 800 கே.வி. கோபுரத்துக்கும் இழுத்துப் போர்த்தியிருக்கிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

மத்திய அரசின் 2015 வழிகாட்டுதல், கோபுரக் கால் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2024 ஜூன் வழிகாட்டுதல் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. மரம், பயிர் இழப்பு இதற்கு மேல் தனி. ஆனால் வழிகாட்டுதலை ஏற்று ஆணை போட வேண்டியது மாநிலங்கள்தான். நில மதிப்பை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் உண்மையான சண்டை நடக்கும்; அரசு வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும் ஊர்களில் 200 சதவீதமும் போதாது. செல்போன் கோபுரத்துக்கு மாத வாடகை கிடைக்கும்போது மின்கோபுரத்துக்கு ஏன் கூடாது என்று விவசாயிகள் கேட்பதற்கும் ஒழுங்கான பதில் வரவில்லை. லைன் செலவில் ஆண்டு வாடகையும் ஒரு பகுதியாக வேண்டும் என்பேன். தாமதத்தால் வீணாகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

புதுக் கோபுரம் இல்லாமல் கொள்ளளவைக் கூட்டவே முடியாதா?

கொஞ்சம் முடியும், அதை முதலில் செய்ய வேண்டும். பழைய கம்பியை இறக்கிவிட்டு, அதே கோபுரங்களில் அதிக வெப்பத்தைத் தாங்கியும் தொய்யாத புதுவகைக் கம்பியை ஏற்றினால் ஏறக்குறைய இரு மடங்கு மின்சாரம் போகும். கம்பியின் கொள்ளளவை நிர்ணயிப்பது அதன் சூடு. காற்று வீசினால் கம்பி குளிரும். காற்றாலை முழு வேகத்தில் சுற்றும் நாளில் அதே காற்று கம்பியையும் குளிர்விக்கிறது. அதை அளந்து நேரத்துக்கு நேரம் வரம்பை உயர்த்தும் கருவிகள் இருக்கின்றன. கணவாய்ப் பகுதி லைன்களுக்கு இது மிகப் பொருத்தம்.

பேட்டரி வந்துவிட்டால் லைன் தேவைப்படாது என்கிறார்களே?

குறையும், இல்லாமல் போகாது. பேட்டரியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். சோலார் குவியும் துணை மின்நிலையத்தில் வைத்தால் பகலில் நிரப்பி இரவில் விடலாம். ஒரே லைன் இரண்டு வேளையும் உழைக்கும். சென்னைக்குள் வைத்தால் மாலை உச்சத்துக்கு உதவும், தெற்கத்தி லைன் நெரிசலுக்கு உதவாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2022 திட்டமே 2030-க்குள் 51,500 மெகாவாட் பேட்டரி வேண்டும் என்று கணக்கிட்டது. ஆனால் ஜூலையில் மிஞ்சும் காற்றை நவம்பருக்குச் சேமிக்கும் பேட்டரி கிடையாது. அதற்குப் பக்கத்து மாநிலங்களும் அவற்றுக்கான லைன்களும்தான் கதி. மலைமேல் நீரை ஏற்றி இறக்கும் நீரேற்று நிலையங்களும் உண்டு: ஆனைமலைப் பகுதியில் கடம்பாறை, 400 மெகாவாட், எண்பதுகளின் கடைசியிலிருந்து ஓடுகிறது, நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீண்ட காலமாகக் கட்டுமானத்தில் இருக்கிறது.

சோலார், காற்று கூடினால் கிரிட் திடீரென்று விழும் என்பது உண்மையா?

திட்டமிடாமல் கூட்டினால் உண்மை. பழைய மின்நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். எங்காவது கோளாறு என்றால் அந்தச் சுழற்சியின் வேகம் சில நொடிகளுக்குக் கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும். சோலார் இன்வெர்ட்டரில் சுழல எதுவும் இல்லை.

இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஞாயிறு. விடுமுறையால் தேவை குறைவு, நல்ல வெயில், சோலாரின் பங்கு மிக அதிகம். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து கோளாறு ஏற்பட, தீவு முழுவதும் இருண்டது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். வேறொரு நாளில் அதே கோளாறைக் கிரிட் தாங்கியிருக்கலாம். அன்று சுழலும் எடை போதவில்லை. 2016 செப்டம்பர் 28-இல் தென் ஆஸ்திரேலியாவில் புயலால் கோபுரங்கள் சரிந்தபோது, அடுத்தடுத்து மின்னழுத்தம் விழுந்தால் இத்தனை முறைக்கு மேல் தாங்காதே என்று காற்றாலைகளின் மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. கிரிட்டை இயக்குபவர்களுக்கே அது தெரியாது. சில நொடிகளில் 456 மெகாவாட் போய் மாநிலமே இருண்டது. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் விழுந்தது மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால்.

மூன்றிலும் காற்றையும் வெயிலையும் குற்றம் சொல்வதில் பயனில்லை. மின்னழுத்தத்தைத் தாங்கும் ஸ்டாட்காம் கருவிகள், சுழலும் எடைக்காக மட்டும் ஓடும் சிங்க்ரனஸ் கண்டென்சர்கள், இன்வெர்ட்டர்களுக்குக் கறாரான விதிகள், அவற்றை இணைப்புக்கு முன்பே சோதிப்பது ஆகியவை லைனோடு சேர்த்தே திட்டத்தில் வர வேண்டும். இவை தொடக்க விழா நடத்தும் அளவுக்குக் கவர்ச்சியானவை இல்லை என்பதாலேயே பின்னுக்குப் போய்விடுகின்றன.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது?

கடைசியில் நுகர்வோர். மாநிலங்களுக்கு இடையிலான லைன் கட்டணம் மாநிலங்களுக்குப் பகிரப்பட்டு நம் பில்லில் வந்து சேரும். 2025 ஜூன் 30-க்குள் ஓடத் தொடங்கிய காற்று, சோலார் ஆலைகளின் மின்சாரத்துக்கு அந்தக் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி; அதன்பிறகு ஓடத் தொடங்கும் ஆலைகளுக்கு ஆண்டுக்கு 25 சதவீதமாகக் கட்டணம் ஏறுகிறது. தள்ளுபடி துறையை வளர்த்தது. கூடவே, எவ்வளவு தூரத்தில் ஆலை போட்டாலும் செலவு ஒன்றுதான் என்ற எண்ணத்தையும் வளர்த்தது. தூரத்துக்கு விலை உண்டு என்பது இப்போது திரும்பி வருவது நல்லது.

கூரை சோலார் போட்டால் தொடரமைப்புச் சுமை குறையுமா?

பகலில் குறையும். மாலை ஆறரைக்கு எல்லாக் கூரையும் ஒன்றாக நின்றுவிடும் என்பதால் லைனின் உச்சச் சுமை அதிகம் குறையாது.

கடலில் வரப்போகும் காற்றாலை?

மன்னார் வளைகுடாவில் கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கரையோரம் நாட்டின் மிக நல்ல கடற்காற்று இருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அரசு குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை ஏற்றது. ஏற்கெனவே நெருக்கடியான தென்கோடியில்தான் இதுவும் கரையேறும். மீனவர்களின் வலை இழுக்கும் பாதை, கேபிள் கரை தொடும் ஊர் இரண்டையும் இப்போதே அவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். கோபுரத்தில் செய்த தவற்றைக் கடலில் திரும்பச் செய்ய வேண்டாம்.

எங்கள் ஊர் வழியே லைன் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வந்தால் என்ன செய்வது?

மாநிலங்களுக்கு இடையிலான திட்டங்களைத் தேசிய தொடரமைப்புக் குழு பரிசீலிக்கும். அதன் கூட்டக் குறிப்புகள் மத்திய மின்சார ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். டான்டிரான்ஸ்கோவின் முதலீட்டுத் திட்டம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். தொடக்கமும் முடிவுமான துணை மின்நிலையங்களின் பெயர் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். நடுவில் எந்த வட்டங்கள் வரும் என்று ஊகிக்கலாம்.

அளவைக்காரர்கள் வந்துவிட்டால், எந்தெந்த மாற்றுப் பாதைகளை ஆய்வு செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கோபுரம் வரும் இடத்தைப் பத்து இருபது மீட்டர் நகர்த்தி வரப்பிலோ வண்டிப்பாதை ஓரத்திலோ வைக்கச் சொல்வது பல நேரம் பலிக்கும், ஆனால் அடித்தளம் தோண்டும் முன் கேட்க வேண்டும். மரம் வெட்டுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரை வைத்து எண்ணிக்கை, வயது, காய்ப்பு எல்லாம் குறித்து, படம் எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு காய்க்கிற தென்னைக்கும் கன்றுக்கும் வித்தியாசம் நிரூபிக்க முடியாது. கிணறு, ஆழ்துளைக் குழாய், சொட்டுநீர்க் குழாய் ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும். பாதைக்கு ஆட்சேபம் தெரிவித்துத் தடுத்தால் அது மாவட்ட ஆட்சியர் முன் விசாரணைக்குப் போகும். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். அந்த விசாரணைக்குத் தனியாகப் போகாமல், அதே லைன் கடக்கும் நிலத்துக்காரர்கள் எல்லோரும் சர்வே எண்களை ஒரே மனுவில் சேர்த்துக் கொண்டுபோங்கள்.